விழாத வீடுகளின் கணக்கு

என் அலமாரியில் ஒன்பது ஆண்டுகளாக ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே 163 தாள்கள். 2015ஆம் ஆண்டு ஜூன் மாதம், மழைக்காலம் தொடங்குவதற்கு முன், நேபாளத்தின் சிந்துபால்சோக் மாவட்டத்து மலைச்சரிவு ஒன்றில், இரண்டு வார்டுகளில், நானும் இரண்டு நண்பர்களும் வீடு வீடாக ஏறி இறங்கி நிரப்பியவை. ஒரு வீட்டுக்கு ஒரு தாள். சுவர் கல்லா செங்கல்லா, சாந்து மண்ணா சிமென்ட்டா, எத்தனை மாடி, கூரை தகரமா கற்பலகையா, எந்தச் சுவர் விழுந்தது, விழும்போது உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். ஏப்ரல் 25 அன்று 7.8 அளவிலும் மே 12 அன்று 7.3 அளவிலும் நிலம் குலுங்கிய பகுதி அது. அந்தப் பேரிடரில் மிக அதிகமானோர் இறந்த மாவட்டமும் அதுதான்.

ஊர் திரும்பியதும் ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தோம். தாள்கள் பெட்டிக்குள் போயின. இப்படிப்பட்ட பெட்டி என்னிடம் மட்டும் இல்லை என்பது மற்ற பொறியாளர்களிடம் பேசியபோது தெரிந்தது. ஒருவரிடம் 2001 குஜராத் நிலநடுக்கப் படங்கள் இருந்தன. இன்னொருவரிடம் 1993 நிலநடுக்கத்துக்குப் பின் மகாராஷ்டிரத்தின் கிள்ளாரியில் எழுதிய குறிப்பேடு இருந்தது. சென்ற ஆண்டு ஐந்து பேர் சேர்ந்து, இந்தச் சிறு கணக்கெடுப்புகளை எல்லாம் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, எந்த நாட்டில் இருப்பவரும் எடுத்தாளவும் தம்முடையதைச் சேர்க்கவும் ஏற்ற பொதுத் தரவுத்தளம் ஒன்றை உருவாக்கத் தொடங்கினோம். என் 163 தாள்களே முதல் சோதனை.

பெரிய முயற்சிகள் முன்பே இருக்கின்றன. 2009இல் இத்தாலியின் பாவியாவில் தொடங்கிய உலக நிலநடுக்க மாதிரி அறக்கட்டளை, விளைவுகளுக்கென்றே ஒரு தரவுத்தளம் வைத்தது. கேம்பிரிட்ஜின் எமிலி சோ அந்தப் பணிக்குத் தலைமை தாங்கினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் இன்னொரு தொகுப்பில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நிலநடுக்கங்களில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் எப்படித் தாங்கின என்ற விவரம் இருக்கிறது. இத்தாலிய அரசு தன் நாட்டுப் பதிவுகளை ‘தாதோ’ என்ற பெயரில் ஒன்றுசேர்த்திருக்கிறது. அவர்களோடு போட்டியிட நாங்கள் இறங்கவில்லை. அலமாரிகளில் கிடப்பவற்றை அந்த வடிவங்களுக்குள் போகத் தக்கவையாகத் திருத்திக் கொடுப்பதே எங்கள் வேலை.

இதனால் என்ன பயன் என்று வீட்டில் கேட்டார்கள். மண் சாந்தில் கட்டிய இரண்டு மாடிக் கல்வீடு நூறு இருக்கும் ஊரில், குறிப்பிட்ட வேகத்தில் நிலம் அசைந்தால் எத்தனை விழும்? கட்டட விதிகளை எழுதுபவருக்கும், எந்தப் பள்ளியை முதலில் வலுப்படுத்துவது என்று முடிவெடுப்பவருக்கும், காப்பீட்டுக் கட்டணம் கணிப்பவருக்கும் அந்த எண் வேண்டும். நிலநடுக்கம் நடந்த சிறிது நேரத்திலேயே உயிரிழப்பு எந்த அளவில் இருக்கும் என்று அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் பேஜர் அமைப்பு கணித்துச் சொல்கிறது. அந்தக் கணிப்புக்கும் பழைய நிலநடுக்கங்களின் பதிவுகள்தாம் அடிப்படை. பழைய பதிவு பிழையானால் நாளைய மீட்புக்குழு தவறான இடத்துக்குப் போகும். அதனால்தான் இந்த வேலையில் அவசரப்படக் கூடாது என்று நினைக்கிறேன்.

முதலில் படிவம். கணக்கெடுப்புப் படிவங்கள் அமைக்க உதவும் கோபோடூல்பாக்ஸ் என்ற மென்பொருளில் ஒன்றை அமைத்து, தாள்களைப் பார்த்துத் தட்டச்சு செய்தோம். தரவைச் சேமிக்கப் போஸ்ட்கிரெஸ், வரைபடத்துக்குக் கியூஜிஐஎஸ் என்ற மென்பொருள்கள். இந்தப் பகுதியில் சிக்கல் எதுவும் இல்லை, நான்கு வார இறுதிகளில் முடிந்தது.

அடுத்தது சேத நிலை. கோட்ஃபிரீட் குரூந்தாலைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1998இல் வெளிவந்த ஐரோப்பிய நிலநடுக்க அளவுகோலைப் பொது மொழியாக எடுத்துக்கொண்டோம். அதில் ஐந்து நிலைகள். சில சுவர்களில் மயிரிழை விரிசல் என்றால் முதல் நிலை. பல சுவர்களில் விரிசல் விட்டுப் பூச்சு பெயர்ந்து விழுந்தால் இரண்டு. பெரும்பாலான சுவர்களில் அகலமான நீண்ட விரிசல் ஓடிக் கூரை ஓடு நழுவினால் மூன்று. சுவரே சரிந்து வீட்டின் ஒரு பகுதி இடிந்தால் நான்கு. முழுவதும் தரைமட்டம் என்றால் ஐந்து. சேதமே இல்லாத வீட்டுக்குச் சுழியம்.

ஒப்பிட்டுப் பார்க்க நல்ல தொகுப்பு ஒன்று கையில் இருந்தது. நேபாளத்தின் மத்தியப் புள்ளியியல் பணியகமும் காத்மாண்டு லிவிங் லேப்ஸ் என்ற தொழில்நுட்ப அமைப்பும் சேர்ந்து, மிகவும் பாதிக்கப்பட்ட 11 மாவட்டங்களில் வீடு வீடாகச் சென்று எடுத்த கணக்கு அது. 7,62,106 கட்டடங்கள். எவரும் இறக்கிக்கொள்ளலாம். நிலநடுக்கத்துக்கு முன் எத்தனை மாடி, பின் எத்தனை மாடி என்று இரண்டும் தனித்தனியே பதிவாகியிருக்கின்றன. இப்படி ஒரு கணக்கை எடுத்துப் பொதுவில் வைத்தது பெரும் கொடை. ஆனால் அதில் சேத நிலை ஒன்றிலிருந்து தொடங்குகிறது, சுழியம் இல்லை. ஒரு கீறலும் விழாத வீடும் மயிரிழை விரிசல் விழுந்த வீடும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த ஒன்றை எங்கள் அட்டவணையில் ஒன்று என்று எழுதுவதா, சுழியம் என்று எழுதுவதா என்று இரண்டு வாரம் வாதாடினோம்.

முடிவில் ஒரு நெடுவரிசையை இரண்டாக்கினோம். கீழ் எல்லை, மேல் எல்லை. நேபாளத்தின் ‘1’ எங்களிடம் ‘0 முதல் 1 வரை’ ஆனது. மூல எண் மூன்றாவது நெடுவரிசையில் தொடாமல் இருக்கும். இந்தத் திட்டத்தில் நாங்கள் எடுத்த முடிவுகளிலேயே சிறந்தது இதுதான் என்று இப்போதும் சொல்வேன். தெரிந்த அளவை மட்டும் எழுதலாம், தெரியாததற்கு எண் கற்பிக்க வேண்டியதில்லை.

என் தாள்களைத் தட்டச்சு செய்து முடித்த இரவில்தான் பெரிய பிழை வெளிப்பட்டது. குழுவில் இருக்கும் காத்மாண்டு நண்பர் வயதில் இளையவர், என்னைத் தாஜு (நேபாளியில் அண்ணன்) என்று அழைப்பவர். அவர் கேட்டார்:

“தாஜு, உங்கள் பட்டியலில் நிலை மூன்றுக்குக் கீழே ஒரு வீடுகூட இல்லையே. அந்த இரண்டு வார்டுகளிலும் நல்லபடி நின்ற வீடே கிடையாதா?”

இருந்தது. எனக்கு நன்றாக நினைவிருந்தது. நாங்கள் அவற்றுக்குள் போகவில்லை, அவ்வளவுதான். விழுந்த வீட்டின் முன் ஒரு குடும்பம் நிற்கும்போது, பக்கத்தில் நிற்கும் வீட்டை அளக்க மனம் வரவில்லை. நேரமும் இல்லை. 163 தாள்களில் 148 வீடுகள் நான்காம் அல்லது ஐந்தாம் நிலை. அதாவது நூற்றுக்கு 91. இதை அப்படியே பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றியிருந்தால், மண் சாந்துக் கல்வீடுகளில் பத்தில் ஒன்பது விழும் என்று உலகின் எந்த மூலையிலோ இருக்கும் ஒருவர் நம்பிக் கணக்குப் போட்டிருப்பார். விழுந்தவை எத்தனை என்று எழுதிய நான், எத்தனையில் என்பதை எழுதவே இல்லை.

இத்தாலியர்களும் இந்தச் சிக்கலைச் சந்தித்திருக்கிறார்கள் என்று பிறகு படித்தேன். 1980 இர்ப்பீனியா நிலநடுக்கத்துக்குப் பின் 41 ஊராட்சிகளில் நின்றது, விழுந்தது என்று பாராமல் எல்லாக் கட்டடங்களையும் எழுதினார்கள். அதனால்தான் அந்தப் பதிவு இன்றைக்கும் மதிப்போடு இருக்கிறது. 2009இல் லாக்விலா நகர நிலநடுக்கத்துக்குப் பின் பல இடங்களில் உரிமையாளர் கேட்டால்தான் ஆய்வாளர் போவார். சேதம் இல்லாதவர் கேட்கவில்லை. விடுபட்ட வீடுகளை மக்கள்தொகைக் கணக்கிலிருந்து எடுத்துச் சேர்த்துத்தான் ஆய்வாளர்கள் அதை நேராக்க வேண்டியிருந்தது.

எங்களுக்கு இரண்டு வழிகள் தெரிந்தன. ஒன்று, நிலநடுக்கத்துக்கு முந்தைய செயற்கைக்கோள் படத்தில் கூரைகளை எண்ணுவது. மூன்று பேர் தனித்தனியாக எண்ணி, வேறுபட்ட இடங்களைச் சேர்ந்து பார்த்தோம். மாட்டுக்கொட்டிலையும் வீட்டையும் மேலிருந்து பிரித்தறிவது கடினம். முற்றத்துக்கு நடைபாதை வருகிறதா என்று பார்த்துத் தீர்மானித்தோம். 251 வீடுகள் வந்தன.

இரண்டாவது வழி, நாங்கள் எடுத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். ஒவ்வொன்றிலும் முன்னால் இடிந்த வீடு, பின்னால் ஏதோ ஒரு சரிவு, அந்தச் சரிவில் சில வீடுகள். ஒன்பது ஆண்டுகளில் நான் ஒருமுறைகூடப் படங்களின் பின்னணியைப் பார்த்ததில்லை. இப்போது பின்னணியை மட்டும் பார்த்தேன். மலை முகட்டின் வளைவையும் படிக்கட்டு வயல்களின் வரிசையையும் வைத்து, படம் எடுத்த இடத்தையும் திசையையும் கண்டுபிடித்து, பின்னால் நிற்கும் வீட்டைச் செயற்கைக்கோள் படத்தின் கூரையோடு பொருத்த வேண்டும். ஒரு மாலைக்கு நான்கைந்து வீடுகள் அடையாளம் தெரிந்தால் அது நல்ல நாள். ஒரு தண்ணீர்க் குழாய் ஆறு படங்களில் வெவ்வேறு கோணத்தில் இருந்தது. அந்த ஒற்றைக் குழாயை வைத்தே ஒன்பது வீடுகளை உறுதி செய்தேன். கடைசியில் 71 வீடுகள் நின்றவை என்று தேறின. 17 கூரைகளைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

ஆனால் படத்தில் தெரிவது முன்சுவர்தான். மண் சாந்துக் கல்வீட்டில் உள்ளடுக்கும் வெளியடுக்குமாக இரண்டு வரிசைக் கற்கள் இருக்கும். இரண்டையும் பிணைக்கும் குறுக்குக் கற்கள் போதாவிட்டால் வெளியடுக்கு மட்டும் வீங்கிச் சரியும். கூரைக்கடியில் இருக்கும் முக்கோணச் சுவர் முதலில் விழும். முன்பக்கம் பார்த்தால் வீடு முழுதாக நிற்பதுபோல் தெரியும். காத்மாண்டு நண்பர் தசைன் பண்டிகை விடுமுறையில் அந்த ஊருக்கே போய், பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டாரிடமும் கேட்டார். 71இல் ஐந்து வீடுகளுக்குப் பின்சுவர் விழுந்திருந்தது. அவற்றை நான்காம் நிலைக்கு மாற்றினோம். ஆதாரம் என்ற நெடுவரிசையில் ‘உரிமையாளரின் நினைவு’ என்று எழுதினோம். நேரில் அளந்தது, படத்தில் கண்டது, நினைவில் சொன்னது, மேலிருந்து எண்ணியது என்று நான்கு வகை ஆதாரங்கள் இப்போது இருக்கின்றன. கலக்க விரும்பாதவர் ஒரு வகையை மட்டும் பிரித்தெடுத்துக்கொள்ளலாம்.

நூற்றுக்கு 91 என்று இருந்தது, 61க்கும் 68க்கும் இடையே என்றானது. தெரியாத 17 வீடுகளும் நின்றிருந்தால் 61, விழுந்திருந்தால் 68.

மற்றத் திருத்தங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2017இல் நேபாளம் பழைய கிராம வளர்ச்சிக் குழுக்களைக் கலைத்து 753 உள்ளாட்சிகளாக மாற்றியது. என் தாளில் இருந்த வார்டு எண்ணும் இன்றைய வார்டு எண்ணும் வெவ்வேறு. பழைய எல்லை, புதிய எல்லை இரண்டையும் வைத்தோம். சில தாள்களில் கட்டிய ஆண்டு ‘2045’ என்று இருந்தது. அது விக்ரம நாட்காட்டி. நம் கணக்கில் 1988. கணினியோ இன்னும் கட்டப்படாத வீடு என்று அந்த வரிசைகளைத் தள்ளிவிட்டிருந்தது. அரசுத் தொகுப்பிலும் வயது 999 என்று சில வரிசைகள் வருகின்றன. தெரியாது என்பதற்கான குறியாக எடுத்துக்கொண்டு வெற்றிடமாக்கினோம். நேபாள நேரம் இந்திய நேரத்துக்குக் கால் மணி முன்னால் போகிறது என்பதையும் ஒருமுறை மறந்து திருத்தினோம்.

உயிரிழப்பைப் பதிவு செய்வது இதைவிடக் கனமான வேலை. ஒரு நிலநடுக்கத்துக்கு ஒரே ஓர் இறப்பு எண் என்று முதலில் வைத்திருந்தோம். குஜராத்தைச் சேர்க்கும்போதே அது உடைந்தது. மாநில அளவில் 13,805 என்று ஒரு கணக்கு, இருபதாயிரத்துக்கும் மேல் என்று இன்னொன்று. 2010 ஹைட்டிக்கு முதலில் 2,22,570 என்றார்கள், ஓராண்டு கழித்து 3,16,000 என்றார்கள். வேறு கணிப்புகள் இவற்றைவிட மிகக் குறைவு. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் யார்? ஒவ்வோர் எண்ணும் தனி வரிசையானது. யார் சொன்னார், எந்தத் தேதியில், காணாமல் போனவரையும் சேர்த்தா என்ற மூன்று விவரங்கள் இல்லாமல் எந்த எண்ணையும் ஏற்பதில்லை.

நேரமும் அதே அட்டவணையில் இருக்க வேண்டும். 2015 ஏப்ரலின் நேபாள நிலநடுக்கம், கோர்க்கா நிலநடுக்கம் என்று அழைக்கப்படுவது, சனிக்கிழமை நண்பகலை ஒட்டி வந்தது. நேபாளத்தில் சனி விடுமுறை நாள், பள்ளிகள் மூடியிருந்தன. கிராமங்களில் பலர் வயலில் இருந்தார்கள். ஏறக்குறைய ஐந்து இலட்சம் வீடுகள் அழிந்தும் இறந்தவர் ஒன்பதாயிரம் அளவில் நின்றதற்கு அது பெரிய காரணம். 1993இல் கிள்ளாரியில் நிலம் நடுங்கியது அதிகாலை 3:56க்கு. முந்தைய நாள் பிள்ளையாரைக் கரைத்துவிட்டு வந்து களைத்து உறங்கியவர்கள்மேல், தலைக்கு மேல் கனமாக மண் பரப்பிய கூரைகள் விழுந்தன. 6.2 அளவுதான், எட்டாயிரம் பேர் அளவில் இறந்தார்கள். பத்தாயிரத்தை நெருங்கும் கணக்கும் உண்டு. உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று 2015இல் நாங்கள் தவறாமல் கேட்டிருந்தோம். அந்தத் தாள்களில் எனக்கு மனநிறைவு தந்த கட்டம் அது ஒன்றுதான்.

எதனால் இறந்தார் என்பதையும் பிரிக்க வேண்டியிருந்தது. 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கத்தைச் சோதனைக்காக ஏற்றியபோது நாகப்பட்டினம் மாவட்டத்தின் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் அதே நிலநடுக்கத்தின் கீழ் வந்து நின்றன. அங்கே ஒரு சுவரும் அதிர்வால் விழவில்லை. கொன்றது கடல். இதைப் பிரிக்காமல் விட்டால், வலுவான அதிர்வே இல்லாத ஊரில் இத்தனை பேர் இறந்ததாகக் கணக்கு பேசும். 2015இல் நேபாளத்தின் லாங்டாங் பள்ளத்தாக்கில் பனியும் பாறையும் சரிந்து ஒரு கிராமத்தையே மூடின. 1923 நிலநடுக்கத்தில் டோக்கியோவிலும் யோகோஹாமாவிலும் பெரும்பாலோரைக் கொன்றது தீ. அதிர்வு, ஆழிப்பேரலை, நிலச்சரிவு, தீ என்று காரணங்களுக்குத் தனி நெடுவரிசைகள் வைத்தோம். நாகப்பட்டினத்து வரிசையை அன்றைக்கு நான் தட்டச்சு செய்யவில்லை, வேறொருவரைச் செய்யச் சொன்னேன்.

பணத்தில் ஒரு தவறு செய்தோம். வீட்டைத் திரும்பக் கட்ட அரசு தவணைகளில் கொடுத்த மூன்று இலட்சம் நேபாள ரூபாயை வீட்டின் இழப்பு என்று நிரப்பியிருந்தோம். அது உதவித்தொகை. வீடு கட்ட ஆன செலவு அதைவிட அதிகம். வீட்டோடு போன தானியமும் ஆடும் அதில் இல்லை. நேபாள அரசின் மதிப்பீடு மொத்தப் பாதிப்பு 70,600 கோடி ரூபாய் என்று சொல்லி, அதை இரண்டாகப் பிரிக்கிறது. இடிந்த சொத்துக்கு 51,700 கோடி, அதனால் நின்றுபோன வருமானத்துக்கும் கூடுதல் செலவுக்கும் 18,900 கோடி. முதலாவது சேதம், இரண்டாவது இழப்பு. தமிழில் இரண்டுக்கும் தனிச் சொல் இருந்தும் நாங்கள் கலந்து எழுதியிருந்தோம். இப்போது சேதம், இழப்பு, உதவி என்று மூன்று நெடுவரிசைகள்.

அதிர்வின் வேகத்தை அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் அதிர்வு வரைபடத்திலிருந்து எடுத்தோம். 2015இல் நேபாளத்தில் அளவுக் கருவிகள் மிகச் சில. ஆகவே மலைச்சரிவுகளுக்கு வரைபடம் தருவது பெரும்பாலும் கணிப்பு. வரைபடமும் பலமுறை திருத்தப்படுகிறது. எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தோம் என்ற எண்ணையும் ஒவ்வொரு வரிசையிலும் வைத்திருக்கிறோம்.

எதை வெளியிடுவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து இருந்தது. தாள்களில் வீட்டுக்காரர் பெயர் இருக்கிறது, அவர் வீட்டில் இறந்தவர் விவரம் இருக்கிறது. பெயரைத் தட்டச்சே செய்யவில்லை. ஜிபிஎஸ் புள்ளியை வார்டு அளவுக்கு மங்கலாக்கிய பிறகுதான் பொதுவில் வைத்தோம். துல்லியம் குறைகிறது என்று ஒருவர் வருத்தப்பட்டார். அன்று முற்றத்தில் நின்று எங்களிடம் பேசியவர்கள் உலகம் பார்க்க வேண்டும் என்று பேசவில்லை. அந்தத் துல்லியம் வேண்டாம் என்றேன்.

படிவத்தில் கடைசியாகச் சேர்த்த கேள்வி: ‘இந்த வீட்டைப் பதிவு செய்ய ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?’ தெருவில் எல்லா வீடும், உரிமையாளர் அழைத்தார், சேதம் கண்ணில் பட்டது, தெரியாது என்று நான்கு விடைகள். இது வெற்றாக இருந்தால் அந்தத் தொகுப்பை ஏற்பதில்லை. என் 163 வரிசைகளிலும் மூன்றாவது விடையை நானே குறித்தேன்.

பதிவேற்றுவதற்கு முந்தைய வாரம் தெரியாத 17 கூரைகளை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். சரிவின் மேற்கு ஓரத்தில், இரண்டு பாதைகள் சேரும் இடத்தில் ஒரு கூரை. நெடுநேரம் பார்த்த பிறகு தெரிந்தது. இரண்டு வாரமும் அந்த வீட்டு முற்றத்தில்தான் தார்ப்பாய் விரித்துப் படுத்திருந்தோம். அந்த வீட்டு ‘ஆமா’ (நேபாளியில் அம்மா) எங்களுக்குப் பருப்பும் சோறும் போட்டார். நிரப்பிய தாள்களை ஒவ்வோர் இரவும் அந்தத் திண்ணையில்தான் அடுக்கினோம். ஜன்னல் மட்டத்திலும் கதவு நிலைக்கு மேலும் சுவரைச் சுற்றிலும் மரச்சட்டம் ஓடிய இரண்டு மாடிக் கல்வீடு. மூலைகளில் விரிசல், கிழக்குச் சுவரில் பூச்சு பெயர்ந்திருந்தது, வேறு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு ஒரு தாள் போட மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. படமும் இல்லை.

மற்ற இருவருக்கும் தொலைபேசியில் பேசி, ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்லாமல் கேட்டேன். மூவர் நினைவும் ஒத்துப்போனது. சேத நிலை இரண்டு, ஆதாரம் நினைவு என்று வரிசையைச் சேர்த்தேன். தெரியாதவை 16 ஆயின. மேல் எல்லை 68இலிருந்து 67க்கு இறங்கியது.